கடைசிச் சொல்லை முதலில் வைத்தவன்

ஊரில் எல்லாரும் சோமன் பாட்டு என்று சொல்லும் பாட்டில் சோமனுடையது ஒரு சொல்லின் இடமாற்றம் மட்டும்தான். மற்ற வரிகளை நான் கட்டினேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மேற்கொண்டு அமைதியாக எழுதலாம் என்று நினைத்தேன். எழுதிப் பார்த்த பிறகும் அமைதி வரவில்லை.

எழுதச் சொன்னவள் அஞ்சனா. குன்னத்துகாலுக்குப் பக்கத்தில் டிப்பர் லாரிகள் போகும் சாலையில் அவளுடைய வீடு. கல்லூரியில் படிக்கிறாள். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் டிப்பர் ஓடக்கூடாது என்று அந்தச் சாலைப் பெண்கள் கொஞ்ச நாளாகக் குறுக்கே நிற்கிறார்கள். அங்கே மைக் பிடிப்பவள் அவள். பாடுவது எங்கள் குவாரிப் பாட்டு. வயதானவர்கள் அதை ஒரு விதமாகவும், சமரத்துக்கு, அதாவது போராட்டத்துக்கு, வருகிறவர்கள் வேறு விதமாகவும் பாடுவதைக் கேட்டுக் குழம்பி, யாரோ வழி சொல்லி என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, இதுல எதாக்கும் ஒரிஜினல்?"

"எனக்கது."

"அப்ப சோமன் மாமனுக்கது?"

"அது மாத்தினது."

"என்னத்துக்கு மாத்தினாவ?"

அதற்குப் பதில் சொல்லக் கல் ஏற்றுகிற வேலையைச் சொல்லியாக வேண்டும். அவள் போனில் பதிவு செய்துகொண்டாள். பிறகு, "நீங்களே எழுதிருங்க மாமா, சங்கத்து மலர்ல போடலாம்" என்றாள். நான் பாறசாலையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை போனவன். எழுத்து உண்டு, பிழையும் உண்டு. பிழையை அவள் திருத்துவாள்.

பள்ளியை விட்டு ஓடியபின் நாகர்கோவிலில் ஒரு ஓட்டலில் கிணற்றுத் தண்ணீர் கோரி ஊற்றினேன். அங்கிருந்து ஓடி ரயில் பாதையில் ஜல்லி கொட்டினேன். எந்த இடமும் எனக்கு ஒரு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. குவாரிக்கு வந்ததும் அப்படித்தான், அடுத்த மழைக்குள் போய்விடும் எண்ணத்தில். முதலில் சல்லி உடைத்தேன், பிறகு தமர் அடித்தேன், அதாவது பாறையில் வெடிமருந்துக்குத் துளை போட்டேன். உள்ளங்கைத் தோல் உரிந்து, காய்ந்து, மறுபடி உரிந்தது. கடைசியில் கல் ஏற்றுகிற கூட்டத்துக்கு வந்தேன். அங்கேதான் தங்கினேன். காரணம் பாட்டு.

அப்போது கிரேன் கிடையாது. லாரியின் பின்பக்கத்திலிருந்து தரைக்கு இரண்டு பனந்தடிகளைச் சாய்த்து வைப்போம். கல் பாளம் அந்தத் தடிகளின் மேல் ஏற வேண்டும். கம்பிப்பாரையின் நுனியைக் கல்லுக்கடியில் கொடுத்து எல்லாரும் ஒரே நேரத்தில் நெம்பினால் கல் நாலு விரல் ஏறும். அந்த நாலு விரல் இடைவெளியில் ஒருவன் சின்னக் கல்லைச் சொருகி அடை வைப்பான். இல்லையென்றால் பாளம் வந்த வழியே திரும்பிவிடும். அடை வைக்கிறவன் கை உள்ளே இருக்கும்போது யாராவது பாரையைத் தளர்த்தினால் அந்தக் கை அவனுக்கு இல்லை. இருபது பேர் பலம் இருந்தும் பயனில்லை, இருபது பேரும் ஒரே மூச்சில் நெம்ப வேண்டும். மூச்சை ஒன்றாக்குவது பாட்டு.

முன்பாட்டுக்காரன் ஒரு வரி சொல்வான். வரி எதைப் பற்றியும் இருக்கலாம். மேஸ்திரியின் மாமியாரைப் பற்றிக்கூடப் பாடியிருக்கிறோம். ஆனால் வரியின் கடைசிச் சொல் 'கல்லே' என்றுதான் இருக்க வேண்டும். அதைக் கேட்டதும் எல்லாருடைய நெஞ்சிலும் மூச்சு தானாக நிறையும். அடுத்து எல்லாரும் 'ஏலா' என்பார்கள். அந்த 'ஏலா'வில் நெம்பு.

மலையெறங்கி வந்த கல்லே
ஏலா!
வண்டியேறிப் போற கல்லே
ஏலா!

வேலைக்கு வந்து ஒரு வாரம் ஆனவனுக்கே இது உடம்பில் ஏறிவிடும். பிறகு தெருவில் யாராவது 'கல்லே' என்று இழுத்தாலும் தோள் இறுகும்.

என்னை முன்பாட்டுக்கு வைத்தவர் பொன்னையன் மேஸ்திரி. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். அதை மழைக்கும் விரிக்கமாட்டார். காலையில் வந்து குடையைத் தரையில் ஊன்றினால் வேலை தொடங்கியது என்று அர்த்தம். தலைக்கு மேல் உயர்த்தினால் எது எப்படி இருந்தாலும் அப்படியே நிறுத்த வேண்டும். முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு நன்றாக இழுத்துப் பாடினேன். அவர் பக்கத்தில் வந்தார்.

"தங்கப்பா, சத்தம் கொள்ளாம், நல்லாருக்கு. கண்ணை என்னத்துக்கு அடைக்க?"

"ராகம் வாறதுக்கு."

"ராகம் வராட்டா போவட்டு மக்கா. அடை வைக்கியவன் கையைப் பாத்துப் பாடு. அவன் கை வெளிய வந்தப் பொறவு அடுத்த வரி."

அதன்பின் நான் கண்ணை மூடிப் பாடியதில்லை. முன்பாட்டுக்காரன் பாரை பிடிக்க வேண்டாம். கல்லுக்குப் பக்கவாட்டில் நின்று எல்லாரையும் ஒரு சொல்லால் அசைக்கலாம். அந்த இடத்தில் நிற்க எனக்கு எவ்வளவு பிடித்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஊர் ஊராக ஓடியவன் ஓட்டத்தை நிறுத்தினேன் என்பதை வைத்துப் புரிந்துகொள்ளுங்கள்.

சோமன் பிறகு வந்தான். செங்கல் பக்கத்து ஆள், சாயாக்கடையில் கிளாஸ் கழுவியவன். ஒல்லி உடம்பு. பாரையில் அவன் தொங்குகிறானா நெம்புகிறானா என்று தெரியாது. பாடினால் தகர டப்பாவில் கல் உருட்டிய மாதிரி இருக்கும். ஆனால் பேசுவான். மத்தியானம் கஞ்சி குடிக்க உட்கார்ந்தால் எல்லாரும் அவனைச் சுற்றித்தான் உட்காருவார்கள். என் பாட்டுக்குப் பாரை பிடித்தவர்கள் அவன் பேச்சுக்குக் கஞ்சியை மறந்தார்கள். நான் தள்ளிப் போய் உட்கார்ந்து, எனக்குக் கேட்காத மாதிரி சாப்பிடுவேன். ஒரு சிரிப்பும் விடாமல் கேட்கும்.

ஒரு நாள் நாங்கள் குவாரிப் பள்ளத்தில் இருக்கும்போதே முதலாளியின் வெடிக்காரன் திரிக்குத் தீ வைத்துவிட்டான். ஒருவரும் விசில் ஊதவில்லை. எங்கள் கூட்டத்தில் அடை வைக்கிற மணியனின் இடது கண்ணில் ஒரு சில்லு போயிற்று. நெய்யாற்றின்கரையில் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிட்டார்கள். நாங்கள் கேட்டது ஒன்றுதான்: ஆட்கள் எல்லாரும் மேலே ஏறிய பிறகு விசில், விசிலுக்குப் பிறகு தீ. அப்படி நின்று நின்று வெடி வைத்தால் குவாரி ஓடாது என்றார் முதலாளி. நாங்கள் பாரையைக் கீழே வைத்து வாசலில் உட்கார்ந்தோம்.

வாசலில் பாட நான்தான். எல்லா வரியும் புதிதாகக் கட்டினேன்.

கூட்டாளி கண்ணைத் தின்ன கல்லே
ஏலா!
ஊதாம வெடிச்சுச் செதறின கல்லே
ஏலா!
மொதலாளி மாளிகைக்குப் போற கல்லே
ஏலா!

என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நான் பாடியதில்லை. வழியில் போன பஸ் வேகம் குறைத்துப் போயிற்று. மணியன் கண்ணில் கட்டோடு வந்து கேட்டு அழுதான். சோமன் என் முகத்தைப் பார்த்து, "எடே, நீ ஆளு கொள்ளாமல்லோ" என்றான். எனக்கு அது போதும் என்று இருந்தது.

முதலாளி களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு ஆட்களைப் பின்வழியாக உள்ளே கொண்டுவந்திருந்தார். எங்களுக்குத் தெரியும். அவர்களுடைய முன்பாட்டுக்காரன் தொண்டை கட்டினவன், அவன் சத்தம் பத்தடி போகாது, அதனால் கல் ஏறாது என்று நம்பியிருந்தோம். சாயங்காலம் லாரி முழுப் பாரத்தோடு வாசலுக்கு வந்தது. மேலே பாளத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவன் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணாச்சி, நல்ல பாட்டாக்கும்! கல்லு ஏறினதே தெரியல்ல. நாளைக்கும் வருவியளா?"

அவர்கள் என் பாட்டுக்குக் கல் ஏற்றியிருக்கிறார்கள். வாசலில் நான் 'கல்லே' என்று முடிக்க, எங்கள் கூட்டம் 'ஏலா' என்று முழங்க, பள்ளத்தில் அவர்கள் நெம்பியிருக்கிறார்கள். இப்படி ஒரு உதவியை எந்த முதலாளிக்கும் எந்தச் சமரக்காரனும் செய்திருக்கமாட்டான். எங்கள் ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக என் பக்கம் திரும்பினார்கள். சோமன் சிரித்துச் சிரித்து ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தங்கப்பா, நீ பாடினா எனக்கே பாரையைத் தேடத் தோணுதுடே!"

நான் பாடினது சரிதான். கல் ஏற்றுகிற பாட்டு கல்லை ஏற்றியது. இதை அன்றைக்கும் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அடுத்த லாரி பள்ளத்தில் இறங்கியது. நாங்கள் பாடாமல் இருந்தால் போதும் என்று சிலர் சொன்னார்கள். பாடாத வாசல் செத்த வீடு மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் ஆள் கலைந்துவிடும் என்றார்கள் வேறு சிலர். அப்போது சோமன் எழுந்தான்.

"நான் ஒண்ணு பாடட்டா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவன் அந்த டப்பா சத்தத்தில் என் முதல் வரியைத்தான் எடுத்தான். ஆனால் கடைசியில் நின்ற சொல்லைத் தூக்கி முதலில் வைத்தான்.

கல்லே, கூட்டாளி கண்ணு எங்கே?
எங்கே?
கல்லே, ஊதாத விசிலு எங்கே?
எங்கே?

அதே ராகம், அதே தாளம். எங்கள் கூட்டம் முதலில் தடுமாறியது, பிறகு பிடித்துக்கொண்டது. நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மற்றவர்களுக்கு முன்பே விளங்கிவிட்டது. பள்ளத்தில் இருந்தவர்கள் 'கல்லே' என்று காதில் விழுந்ததும் மூச்சை நிறைத்தார்கள். அடுத்து 'ஏலா' வரவில்லை, வரி நீண்டுகொண்டே போயிற்று. சிலர் மூச்சு தாங்காமல் நெம்பினார்கள். சிலர் 'எங்கே'யில் நெம்பினார்கள். அவர்களுடைய முன்பாட்டுக்காரன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பாதித் தடி ஏறிய பாளம் ஒரு பக்கம் கோணியது. அடை வைக்கிறவன் கையை இழுத்துக்கொண்டு மல்லாந்து விழுந்தான். பாளம் சறுக்கித் தரையில் வந்து நின்றது.

பள்ளத்தில் அந்த ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த பொன்னையன் மேஸ்திரியின் குடை தலைக்கு மேலே உயர்ந்தது. பள்ளமும் அமைதி, வாசலும் அமைதி. மேஸ்திரி மெதுவாக ஏறி வாசலுக்கு வந்தார். யார் பாடியது என்று கேட்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"தங்கப்பா, இது உனக்க வேலையா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. அதற்குள் அவரே தலையை ஆட்டினார்.

"இல்ல. உனக்கு இது வராது. நீ கல்லு ஏறியதுக்காக்கும் பாடுவா."

அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் அஞ்சனா. அவள் சொல்லாமலே எத்தனை வருஷமாகவோ அதற்கு முயற்சி செய்கிறேன்.

மேஸ்திரி நேரே ஆபீசுக்குப் போனார். வாசலில் இந்தப் பாட்டு இருக்கும்வரை ஒருவன் கையையும் கல்லுக்கடியில் வைக்கச் சொல்லமாட்டேன் என்று முதலாளியிடம் சொன்னாராம், அதே மெதுவான குரலில். லாரி காலியாகத் திரும்பியது. இரண்டு நாள் சும்மா நின்றது. பிறகு விசில் வந்தது. அதை ஊதுகிற வேலையை மணியனுக்குக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் அஞ்சனாவிடம் ஒன்றை அழுத்திச் சொன்னேன். அவன் பாட்டால் ஒருவன் கை போயிருக்கும், என் பாட்டால் ஒருவனுக்கும் நகம்கூடப் போனதில்லை என்று. அவள், "அந்த ஆளைச் சோமன் மாமா போய்ப் பாத்தாவளா?" என்று கேட்டாள். பார்த்தான். அன்று சாயங்காலமே பின்வழியாகப் போய், கீழே விழுந்தவனைத் தேடிப்பிடித்து, சாயா வாங்கிக் கொடுத்து, மன்னிப்பும் கேட்டு வந்தான். அந்த ஆள் மறுநாள் எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டான். சோமனிடம் குறை கண்டுபிடிக்கப் போனால் எப்போதும் இப்படித்தான் முடியும்.

அதற்குப் பிறகு அது சோமன் பாட்டு. செங்கல் சூளைக்காரர்கள் சமரம் செய்தபோது அவனைக் கூப்பிட்டார்கள், 'கல்லே' இருந்த இடத்தில் 'சூளையே' வந்தது. ரப்பர் வெட்டுகிறவர்கள் 'பாலே' என்று பாடினார்கள். எங்கே போனாலும் முதல் சொல் மாறும், கடைசியில் 'எங்கே' நிற்கும். என்னை யாரும் கூப்பிடவில்லை. குவாரியில் மறுபடியும் நான்தான் முன்பாட்டு. ஆனால் நான் 'கல்லே' என்று முடிக்கும்போது எவனாவது ஒருவன் வேண்டுமென்றே "எங்கே?" என்பான், எல்லாரும் சிரிப்பார்கள். அடுத்த மழைக்கு முன் கிளம்பிவிட்டேன்.

கர்நாடகத்தில் பாளம் அறுத்தேன், கோவாவில் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன். ஒரு கல் முழங்காலில் இறங்கியது; மூன்று மாதம் லாரிக்கடியில் படுத்துக் கிடந்தேன், எலும்பு தானாகக் கூடியது, கொஞ்சம் கோணலாக. நெஞ்சில் தூசி பிடித்தது. இதெல்லாம் கல்வேலைக்காரன் எல்லாருக்கும் வருவது. ஆனால் கர்நாடகத்தில் ஒரு குவாரியில் நம் பக்கத்து ஆட்கள் சிலர் கூலிக்காக உட்கார்ந்திருந்தபோது அந்தப் பாட்டைப் பாடினார்கள். யார் கட்டினது என்று தெரியாதவன் போலக் கேட்டேன். "சோமன்னு ஒரு அண்ணன். உங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள். தெரியாது என்றேன். முழங்கால் வலியைவிட அது அதிகநாள் இருந்தது.

கடைசியில் பூவாரில் ஒரு ரிசார்ட்டில் செடிக்குத் தண்ணீர் விட்டேன். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு அதையும் விட்டு இங்கே தங்கை வீட்டில் இருக்கிறேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அஞ்சனா சொன்னாள்:

"மாமா, கோவப்படாதீங்க. உங்க வரியில குத்தம் கல்லுக்காக்கும். கண்ணைத் தின்னது கல்லு, செதறினது கல்லு. சோமன் மாமா கல்லைச் சாட்சிக்குக் கூப்பிடியாவ. அப்ப குத்தம் வேற ஆளு மேல போவுது இல்லியா? சொல்லு இடம் மாறினதில குத்தவாளியே மாறிப்போச்சு."

அவள் சொன்னது சரி. நெம்புக்கணக்கு ஒன்றைத்தான் இத்தனை காலம் நான் பார்த்திருந்தேன். அர்த்தமும் அவன் பக்கமே சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து டிப்பர் சமரத்துக்குப் போனேன். பந்தலில் முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் சோமன் உட்கார்ந்திருந்தான். வயதாகியும் அதே ஒல்லி. சுற்றிலும் பெண்கள், எல்லாரும் சிரிக்கிறார்கள். நான் பின்னால் மதில் ஓரமாக நின்றேன். 'கல்லே, கல்லே' என்று அவர்கள் பாடியதில் எனக்குத் திருப்தி இல்லை. எதிரே நிற்பது டிப்பர், இவர்கள் இன்னும் கல்லைக் கேட்கிறார்கள். சோமனுக்கு இது தோன்றவில்லையே என்று சந்தோஷமாக இருந்தது. அங்கே நின்றபடியே கட்டினேன். அஞ்சனாவைக் கூப்பிட்டுக் காதில் சொன்னேன். அவள் கண் விரிந்தது. மைக்குக்குப் போனாள்.

டிப்பரே, பள்ளிக்கூட மணி கேட்டியா?
கேட்டியா?
டிப்பரே, உனக்க பிள்ளை எங்க படிக்கி?
எங்க படிக்கி?

இரண்டாவது வரியில் முன்னால் நின்ற டிப்பரின் டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பெண்கள் அவனைப் பார்த்தே பாடினார்கள். மூன்றாம் முறை பாடும்போது அவன் எஞ்சினை அணைத்து இறங்கிவிட்டான். பின்னால் நின்ற வண்டிகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. பந்தலே எழுந்து நின்றது. எனக்கு முன்னால் நின்ற ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், "பாத்தியா, சோமன் மாமனுக்க மூளையை! இந்த வயசிலயும்!" என்றாள். எனக்கு மூச்சு இழுத்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஆட்டோவில் சோமனே வந்து இறங்கினான். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பார்க்கிறோம். உட்காரச் சொல்வதற்கு முன் உட்கார்ந்தான்.

"எலே தங்கப்பா, அந்த டிப்பர் வரி நீ கெட்டினதாக்கும்னு அந்தப் பிள்ளை பறஞ்சா. கேட்டதும் எனக்கு உறங்க முடியல்ல. எனக்கு என்னத்துக்கு அது தோணல்லன்னு ராத்திரி முழுக்கப் பொகைச்சல்."

"உண்மையாட்டா?"

"சத்தியமாட்டு. ஆனா காலத்த எழும்பிப் போய் மைக்கைப் பிடிச்சு எல்லாரும் கேக்கும்படி பறஞ்சேன். இது நான் கெட்டினதில்ல, தங்கப்பன் கெட்டினது, பழைய வரியும் அவனுக்கது, நான் ஒரு சொல்லு மாத்தினேன், அவ்வளவுதான்னு."

"பொறவு?"

"எல்லாரும் எழும்பிக் கைதட்டினாவ."

"எனக்கா?"

சோமன் தலையைச் சொறிந்தான்.

"இல்ல மக்கா, எனக்கு. இவ்வளவு பெரிய ஆளுக்கு என்னொரு அடக்கம்னு வார்டு மெம்பர் கண்ணீர் விட்டுக் கரஞ்சேபோட்டா. நான் ஆணையிட்டுப் பறஞ்சேன், ஒருத்தரும் நம்பல்ல. இன்னும் கொஞ்சம் கைதட்டினாவ. இந்தா, இதையும் போட்டாவ." மடியிலிருந்த பையைத் திறந்து ஒரு பொன்னாடையை எடுத்தான். "உனக்கு வேணுமா?"

வேண்டாம் என்றேன். நல்ல அகலமான கரை போட்டிருந்தார்கள்.